ஆவுடையம்மாளுக்குப் பல் குறை ஏதுமில்லை

எம் பொண்ணு எம் பொண்ணுதானான்னு கேட்டுட்டிய அண்ணாச்சி. பரவால்ல. எனக்குக் கோவமே இல்ல. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. பொண்ணு பாக்க வாரவுக சாதகம் கேப்பாவ, கூடப் பொறந்தவுக எத்தனைன்னு கேப்பாவ, சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமான்னு கேப்பாவ. "காப்பி கொண்டாரப் போற பொண்ணு உம்ம பொண்ணுதானா, இல்ல எங்கயாவது இரவல் வாங்கி வச்சிருக்கீரா"ன்னு கேட்ட முதல் ஆளு இந்தச் சீமையிலயே நீங்கதான்.

மிட்டாய் எடுத்துக்கிடுங்க. கருப்பட்டி மிட்டாய், வீட்டுலயே பிழிஞ்சது. கடைச் சரக்கு இல்ல.

யாரு சொன்னான்னு நான் கேக்கவே வேண்டாம். உங்க ஊர்ல மோர் விக்கிற பேச்சிதானே? எனக்குத் தெரியும். கலயத்தை இறக்கி வச்சிட்டு, வாயை ஈன்னு காட்டி, "இது யாரு பல்லுன்னு நினைச்சிய? கீழப்பாறை நெல்லைநாயகம் வாத்தியார் மக ஆவுடையம்மாள் பல்லு இது"ன்னு தெருத்தெருவாச் சொல்லிச் சிரிக்காளாம். ஊர்ப் பொம்பளையெல்லாம் கூடி நின்னு கேக்காவளாம். மோர் வித்துப் போகுதுல்லா, அவளுக்கு என்ன? இங்கன வயசுக்கு வந்த பொண்ணை வச்சுக்கிட்டு நிக்கது யாரு? பதினேழு முடியப் போகுது அண்ணாச்சி. உங்களுக்கு முன்னால நாலு இடம் வந்துது. நாலு பேரும் வாசல் வரைக்கும் வந்து, யார் வீட்டுலயோ என்னத்தையோ கேட்டுட்டு, திரும்பிப் போயிட்டாவ. நீங்க ஒருத்தர்தான் வீட்டுக்குள்ள வந்து நேருக்கு நேரா கேட்டிருக்கிய. அதுக்காகவே உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லுதேன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்க. முழுசாக் கேட்டுட்டு, அநியாயம் நடந்தது யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

உலகம்மா! காப்பி ஆச்சா?

பதில் வராது. எங்க வீட்டுல, அதான் ஆவுடையோட அம்மா, அவளுக்குக் காது மந்தம். எட்டு வருஷமா இப்படித்தான். மத்தவுக கூப்பிட்டா கேக்குது. பால்காரன் தெருமுனையில வரும்போதே கேக்குது. நான் பக்கத்துல நின்னு கூப்பிட்டா கேக்கதில்ல. என் குரல்ல ஏதோ கோளாறு போலிருக்கு. ஒரு நல்ல வைத்தியர்கிட்டக் காட்டணும்.

இருக்கட்டும். இப்ப நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, அது மூணாம் கிளாஸ். இந்த வீடு அப்ப பள்ளிக்கூடம். முன்னால நாலு கிளாஸ், பின்னால எங்க குடித்தனம். சரஸ்வதி விலாச எய்டட் எலிமெண்டரி ஸ்கூல். மானேஜரும் நான், ஹெட்மாஸ்டரும் நான், மணி அடிக்கதும் நான். எத்தனை பிள்ளைக வருதோ அதைப் பாத்துத்தான் சர்க்கார் கிராண்டு. ஆனா இந்த ஊர்ப் பிள்ளைக எங்க பள்ளிக்கூடம் வரும்? பருத்தி எடுக்கப் போகும், மாடு பத்தப் போகும், கேட்டா வயித்து வலிங்கும். அடிச்சுப் பாத்தேன். வரல. கொஞ்சிப் பாத்தேன். வரல. அப்பத்தான் ஒரு யுக்தி கண்டுபிடிச்சேன். ஆஜர் மிட்டாய்!

காலையில பேர் கூப்பிடுவேன். "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லுத வாயில ஒரு கருப்பட்டி மிட்டாய். கையில கொடுத்தா வாங்கிட்டு வீட்டுக்கு ஓடிரும், அதனால வாயிலயேதான் போடுவேன். சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் இருந்தா இன்னொண்ணு. பத்தொம்பது பிள்ளை வந்துக்கிட்டிருந்த பள்ளிக்கூடத்துல மறு வருஷமே அறுபத்து மூணு! இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு, "மிஸ்டர் பிள்ளை, என்ன மந்திரம் போட்டீர்?"ன்னு கேட்டாரு. நான் அடக்கமா நின்னேன்.

எம் பொண்ணு ஆவுடை ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. வீடும் பள்ளிக்கூடமும் ஒண்ணுதானே, எங்க போயிட முடியும்? வருஷம் பூரா ஆஜர். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான் பாரபட்சம் பாக்காத ஆளு. ஊர்ப் பிள்ளைக்கு உண்டுன்னா எம் பிள்ளைக்கும் உண்டு.

அப்படி இருக்கையிலதான் அந்தச் சுற்றறிக்கை வந்து தொலைஞ்சுது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வைத்திய பரிசோதனையாம். ஆளுக்கு ஒரு அட்டை. உசரம், எடை, கண்ணு, காது எல்லாம் ஒவ்வொரு வரி. பல்லுக்கு மட்டும் அரைப் பக்கம்! எத்தனை பல்லு, எத்தனை சொத்தை, எது ஆடுது, ஈறு எப்படி, தினம் விளக்குதானா இல்லையா. சிரிக்காதிய அண்ணாச்சி, நிசமாத்தான். நாங்க படிச்ச காலத்துல எங்க வாத்தியார் எங்க வாயைப் பாத்ததே கிடையாது, முதுகைத்தான் பாப்பாரு. இவனுக வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பாக்கப் போறானுகளாம். அதோட விட்டானுகளா? தாலுகாவுலயே எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பல்லு நல்லா இருக்கோ, அதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சாட்சிப் பத்திரம். அந்தப் பத்திரம் வாங்குன பள்ளிக்கூடத்தை அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் உயர்த்துவாவன்னு ஒரு பேச்சும் இருந்துது.

சரி, நாமளும் பாத்து வைப்போமேன்னு அறுபத்து மூணு வாயையும் வரிசையா நிப்பாட்டித் திறக்கச் சொன்னேன். ஏ யப்பா! ஒண்ணைப் பாத்தா ஒண்ணு மோசம். கறுப்பு, ஓட்டை, பாதி உடைஞ்சது, வேர் மட்டும் நிக்கது. நாத்தம் வேற. என்னடா இது, இந்த ஊர்க் குடும்பங்களுக்கே பரம்பரைப் பல்லு சரியில்லன்னு நான் அன்னைக்குத்தான் கண்டுக்கிட்டேன். மிட்டாயாலதான்னு பின்னால அந்த டாக்டர் சொன்னாரு. படிச்சவரு, என்ன வேணாலும் சொல்லலாம். நானும் சின்ன வயசுல இருந்து தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு? கீழ் வரிசையில இன்னும் ஆறு இருக்கு. இந்த வயசுக்கு அது போதாதா?

எடுத்துக்கிடுங்க, கூச்சப்படாதிய. நாள்பட்டது இல்ல, நேத்துப் பிழிஞ்சது.

இப்ப நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். அந்தக் காலத்துல எய்டட் ஸ்கூல் நடத்துன எல்லாரும் இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குப் பிள்ளைகளை இரவல் வாங்குவாவ. நான் மட்டும் இல்ல. ரிஜிஸ்தர்ல பேர் இருக்கும், ஆளு பருத்திக் காட்டுல இருக்கும். இன்ஸ்பெக்டர் வாரன்னைக்குத் தெருவுல விளையாடுத பிள்ளைகளைப் பிடிச்சாந்து, முகத்தைக் கழுவி, திருநீறு பூசி, "இன்னைக்கு உன் பேரு சங்கரலிங்கம், கேட்டா உள்ளேன் ஐயான்னு சொல்லணும்"னு சொல்லி உக்கார வைப்போம். பக்கத்து ஊர் வாத்தியார் என்கிட்டப் பத்துப் பிள்ளை வாங்கிட்டுப் போயிருக்காரு, நான் அவர்கிட்ட வாங்கியிருக்கேன். நல்லது கெட்டதுக்கு அண்டா குண்டா கொடுத்து வாங்குததில்லையா, அது மாதிரி. இதுல என்ன பொய் இருக்கு? பேர் இருக்கு, பிள்ளை இருக்கு. பேருக்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அதே முறையத்தான் பல்லுக்கும் கையாண்டேன். கீழத் தெருவுல ஆடு மேய்க்கிற வீடுகள் இருக்கு. அந்தப் பிள்ளைக பள்ளிக்கூடப் பக்கமே வந்ததில்ல. கம்பஞ்சோறும் மோரும்தான் சாப்பாடு, வேலங்குச்சியை ஒடிச்சுக் கடிச்சுக்கிட்டே ஆட்டுக்குப் பின்னால போகும். ஒவ்வொண்ணுக்கும் பல்லு வெள்ளை வெளேர்னு இருக்கும். கடவுள் யாருக்குக் கொடுக்கணும்னு ஒரு முறை இல்லாமக் கொடுத்து வச்சிருக்கான் பாருங்க! நம்ம பிள்ளைகள்ல சுமாராத் தேறுனது இருபத்து மூணு போக, நாப்பது பிள்ளைகளைப் பேசி வச்சேன். சொத்தைப் பல்லுப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்னைக்கு லீவு. வாரதுகளுக்கு ஆளுக்கு ரெண்டு மிட்டாய் கூலி.

அதுல ஒருத்திதான் இந்தப் பேச்சி.

ஆவுடைக்கு அப்ப ஒம்பது வயசு. டாக்டர் வாரதுக்கு நாலு நாளைக்கு முன்னாலயே அவளுக்கு மேல் வரிசையில இடது பக்கம் வலி. அழுதா. கிராம்பு வச்சோம். பெருங்காயம் வச்சோம். கன்னம் வீங்கிட்டு. எங்க வீட்டுல, "டாக்டர்தான் வாராவளே, பிள்ளையக் காட்டிருவோம்"னா. அப்ப அவளுக்குக் காது கேட்டுது, வாயும் பேசுச்சு. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "உலகம்மா, யோசிச்சுப் பாரு. ரிஜிஸ்தர்ல முதல் பேரு ஆவுடையம்மாள். முதல் அட்டை அவ அட்டை. வாத்தியார் மகளுக்கே வாய் அழுகிக் கிடக்குன்னு முதல் அட்டையிலயே எழுதுனா, மத்த அறுபத்திரண்டையும் அவரு எந்தக் கண்ணால பாப்பாரு?"ன்னேன். அதுவும் போக, மேல் பல்லைப் பிடுங்குனா கண்ணு போயிரும்னு ஊரே சொல்லுது. பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணு முக்கியமா இல்லையா? அவ ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா சம்மதம்னுதானே அர்த்தம்?

திங்கக்கிழமை டாக்டர் வந்தாரு. வேதமாணிக்கம்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சிரிக்கத் தெரியாத மனுஷன். ஒரு கம்பவுண்டர், ஒரு மரப்பெட்டி. பெட்டியைத் திறந்து வச்சாரு. கண்ணாடி ஊசி, மருந்துப் புட்டி, வளைஞ்ச கொறடு ரெண்டு மூணு. "வலி இருக்கிற பிள்ளைகளை முதல்ல கூப்பிடுங்க. மரத்துப் போக மருந்து இருக்கு, ஒரு நிமிஷத்துல எடுத்துரலாம்"னாரு. "இங்க யாருக்கும் வலி கிடையாதுங்க"ன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு. நான் நேராத்தான் நின்னேன்.

ஆவுடையை நான் அந்தக் கோடி அறையில வச்சிருந்தேன். அதான், அந்தப் பச்சைக் கதவு. மிட்டாய்ப் பானை வைக்கிற அறை. பூட்டினேன்னு பேச்சி சொல்லியிருப்பா. பூட்டல, வெளியில கொண்டி போட்டேன், அவ்வளவுதான். பசிச்சா மிட்டாய் எடுத்துத் தின்னுக்கோம்மான்னு சொல்லித்தான் போட்டேன். எந்தத் தகப்பன் அப்படிச் சொல்லுவான்?

முதல் பேரு. "ஆவுடையம்மாள்!" பேச்சி எந்திரிச்சா. ஆவுடையோட பாவாடையைத்தான் உடுத்தி விட்டிருந்தேன். வாயைத் திறந்தா. டாக்டர் லைட்டை அடிச்சாரு. ஒரு தடவை பாத்தாரு, ரெண்டு தடவை பாத்தாரு. கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. "இருபத்துநாலு. ஒண்ணுல ஒரு புள்ளி கிடையாது. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு வாயை நான் பாத்ததில்ல"ன்னாரு. எனக்கு மார்பு விம்மிட்டு அண்ணாச்சி. பெத்த மகளைப் பாராட்டுனா இருக்காதா?

அப்புறம், "அப்பா பேரு என்னம்மா?"ன்னாரு. நெல்லைநாயகம் பிள்ளைன்னு இருபது தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த மூதி, "எங்கய்யா செத்துப் போயிட்டாரு"ன்னுட்டா! நான் பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி நிக்கேன்! டாக்டர் நிமிந்து என்னைப் பாக்காரு. "கோவத்துல சொல்லுதா சார். நேத்து ஒரு அடி வச்சேன், அதுக்குத்தான் இப்படி"ன்னேன். "பெத்த பிள்ளையை அடிக்காதிய"ன்னாரு. "இனிமே அடிக்கல சார்"னு ஒத்துக்கிட்டேன். செய்யாத குத்தத்துக்கு அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால தலை குனிஞ்சேன். யாருக்காக? இந்தப் பள்ளிக்கூடத்துக்காக.

பாதி முடிஞ்சிருக்கும். உள்ள ஒரு சத்தம். டாக்டர் பேனாவை நிறுத்திட்டு, "யாரு அழுதது?"ன்னாரு. "கன்னுக்குட்டி சார். தாய் மேயப் போயிருக்கு"ன்னேன். மறுபடியும் சத்தம். நான் மெதுவா எந்திரிச்சுப் போயி, கதவுப் பக்கம் வாயை வச்சு, "கண்ணே, ஆவுடை, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோம்மா, அப்பா இந்தா வந்துருதேன்"னு பக்குவமாச் சொன்னேன். உடனே அடங்கிட்டு. சொல்லுத விதத்துல சொன்னா எந்தப் பிள்ளையும் கேக்கும்.

டாக்டர் பெட்டியை மூடுனாரு. மூடிட்டு, "நான் இனிமே ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவேன். வீட்டுல யாருக்காவது பல் வலி இருந்தாலும் சொல்லுங்க, கையோட பாத்துட்டுப் போயிருதேன்"னாரு. எங்க வீட்டுல அடுப்படி வாசல்ல நின்னா. என்னைப் பாத்தா. நான் அவளைப் பாக்கல. "எங்க வீட்டுல எல்லாருக்கும் பல்லு இரும்பு சார்"னேன். பேச்சி கையில, அதாவது ஆவுடையம்மாள் கையில, முதல் பரிசுன்னு ஒரு பல் விளக்குற பிரஷும் ஒரு டப்பா பல்பொடியும் கொடுத்துட்டு வண்டி ஏறிட்டாரு.

அந்தப் பிரஷை நான் வாங்கிக்கிட்டேன்னு பேச்சி இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுதாளாம். நீங்களே நியாயம் சொல்லுங்க. பரிசு ஆவுடையம்மாள்ங்கிற பேருக்கு. பேரு யாரோடது? பேச்சிக்கு மூணு மிட்டாய் கொடுத்தேன், ஒண்ணு கூடவே கொடுத்தேன். அந்தப் பிரஷும் பன்னி மயிர்ல செஞ்சதுன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. சைவ வீட்டுல அதை யாரு வாயில வைப்பா? அரிக்கேன் விளக்கு துடைக்க வச்சிருக்கேன். நல்லாத்தான் துடைக்குது.

செவ்வாய்க்கிழமை ஆவுடைக்குக் காய்ச்சல். புதன்கிழமை கண்ணு வீங்கி மூடிட்டு, வாய் திறக்க முடியல, கஞ்சித் தண்ணிகூட உள்ள போகல. எங்க வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வியாழக்கிழமை விடிஞ்சதும் அவளே போயி வண்டி பிடிச்சிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டா. நான் பின்னால ஓடிப்போயித்தான் ஏறுனேன். பெரிய ஆஸ்பத்திரியில போயி இறங்குனா, எதுக்க நிக்காரு அதே வேதமாணிக்கம்! அங்கயும் அவர்தான் பல்லு டாக்டராம். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இத்தனை பெரிய ஜில்லாவுல வேற ஆளா இல்ல?

"பிள்ளை பேரு?"ன்னாரு. நான் வாயைத் திறக்க முந்தி எங்க வீட்டுல, "ஆவுடையம்மாள். வயசு ஒம்பது. கீழப்பாறை நெல்லைநாயகம் வாத்தியார் மக"ன்னு கணீர்னு சொல்லிட்டா. அவரு எழுதிக்கிட்டே வந்தவரு நிறுத்துனாரு. என்னைப் பாத்தாரு. பிள்ளையைப் பாத்தாரு. சத்தம் போடல. மனுஷன் சத்தம் போட்டிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவா, "அன்னைக்கு அழுத கன்னுக்குட்டி இதுதானா?"ன்னாரு.

கேக்கலாமா அண்ணாச்சி அப்படி? வைத்தியத்துக்கு வந்தவன்கிட்டக் கன்னுக்குட்டிப் பேச்சு எதுக்கு? ஆளுக நாலு பேரு நிக்காவ. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல ஆயிட்டு.

நாலு பல்லைப் பிடுங்குனாரு. கன்னத்துல கீறிச் சீழ் எடுத்தாரு. உள்ள எலும்புலயும் கொஞ்சம் சுரண்டி எடுக்க வேண்டியதாப் போச்சாம். அடியில இருந்த முளையும் அழுகிட்டு, இனிமே அந்த இடத்துல முளைக்காதுன்னாரு. ரெண்டு நாள் பிழைக்கதே சந்தேகம்னு சொல்லி வச்சிருந்தாவ. பிழைச்சுக்கிட்டா, கடவுள் புண்ணியத்துல. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, அந்த மட்டும் நல்லது. கன்னத்துல ஒரு குழி விழுந்திருக்கு. அதுவும் ஒரு லட்சணம்தான். மத்த பொண்ணுகளுக்குச் சிரிச்சாத்தான் குழி விழும், இவளுக்குச் சிரிக்காமலே விழும்.

"திங்கக்கிழமையே காட்டியிருந்தா ஒரே ஒரு பல்லு, ஒரு நிமிஷம்"னு அந்த டாக்டர் எங்க வீட்டுலகிட்டச் சொல்லியிருக்காரு. குடும்பத்தைப் பிரிக்கிற பேச்சு இது. அன்னையில இருந்துதான் இவளுக்குக் காது மந்தம்.

இருங்க, இன்னும் என் விஷயத்துக்கே வரலியே. ஆவுடை ஆஸ்பத்திரியில படுத்திருக்கையில ஆபீசுல இருந்து நற்சாட்சிப் பத்திரம் வந்துட்டு. தாலுகாவுல முதல் பள்ளிக்கூடம் நம்ம சரஸ்வதி விலாசம்! நான் கையோட ஆணி அடிச்சு, மாட்டி, தூரத்துல நின்னு பாத்துட்டுத்தான் பிள்ளையைப் பாக்கப் போனேன். ஒம்பது நாள் தொங்கிச்சு அண்ணாச்சி. ஒம்பதே நாள். பத்தாம் நாள் ஒரு பியூன் வந்து, ஒரு மரியாதை இல்லாமக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிட்டான். அந்த டாக்டர் மேல எழுதிப் போட்டுட்டாரு. அந்த வருஷமே அங்கீகாரமும் போச்சு, பள்ளிக்கூடத்தையும் மூடியாச்சு. அந்த ஆணி இன்னும் இருக்கு பாருங்க. கேலண்டர்கூட நான் அதுல மாட்டினதில்ல. இருபது வருஷம் பாடுபட்டவனுக்கு இதுதானா கைம்மாறு? இப்பச் சொல்லுங்க, அநியாயம் நடந்தது யாருக்கு?

யோசிச்சே சொல்லுங்க. அந்தா ஆவுடை வந்துட்டா.

வாம்மா. மாமாவுக்குக் கொடு. இந்தப் பக்கமா நில்லு. அப்படி இல்ல, இப்படித் திரும்பி நில்லு. பாத்தியளா, எவ்வளவு அடக்கம்! முந்தானையை வாயில இருந்து எடுக்கவே மாட்டா. அண்ணாச்சி, எதுக்கு எந்திரிக்கிய? அந்த நாற்காலி ஆடும்னேனே! அங்கன இருந்து பாத்தா வெளிச்சம் சரியா இருக்காது. என்னது, ஆடலியா? இன்னைக்கு ஆடல போலிருக்கு.

வாயைத் திறந்து காட்டணுமா? என்ன கேக்கிய நீங்க? குடும்பத்துப் பொண்ணு அண்ணாச்சி இது! மாட்டுச் சந்தையா? ஓகோ... நாலு பல்லு இல்லன்னாத்தான் எம் பொண்ணு, எல்லாப் பல்லும் இருந்தா இரவல் பொண்ணுன்னு ஆயிரும், அதானே உங்க கணக்கு? மூடியே இருந்தா நம்ப மாட்டிய. திறந்தா... நான் அதை அப்படியே காட்டணும்னு நினைக்கல. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையே பைய... சரி, விடுங்க. ஆவுடை, நீ உள்ள போ. போம்மா. நான் மாமாகிட்டப் பேசிக்கிடுதேன்.

ஏட்டி! என்ன செய்யுத? முந்தானையை விடாத! ஐயோ, அவ்வளவு அகலமாவா திறப்பாவ? மூடுட்டி! வாயை மூடு!

என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு. "அன்னைக்கும் இதையேதான் சொன்னிய"ன்னா என்ன அர்த்தம்? எப்பச் சொன்னேன்? கதவு இடுக்கு வழியாவா? "வாயை மூடுட்டி மூதி, உன் சத்தம் வெளிய வந்தா என் பத்திரம் போயிரும்"னு நானா? கேக்காதிய அண்ணாச்சி, காய்ச்சல்ல கிடந்த பிள்ளை, ஏதோ கனவு கண்டிருக்கு. நான் கண்ணேன்னுதான் கூப்பிட்டேன். பொறுத்துக்கோம்மான்னுதான்...

நீ எதுக்கு இங்க வந்து நிக்க உலகம்மா? உன்னை யாரு கூப்பிட்டா? என்ன... "சொன்னாவ. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்"ங்கிறியா? அப்ப, இங்க பேசுனதெல்லாம் உனக்குக் கேட்டுதா? உனக்குத்தான் காது மந்தமாச்சே!

அண்ணாச்சி, நீங்க ஏன் என்கிட்டப் பேசாம ஆவுடைகிட்டப் பேசுதிய? பொண்ணைப் பெத்தவன் இங்க நிக்கேன். "உனக்குச் சம்மதமா தாயி"ன்னு பொண்ணுகிட்டயா கேப்பாவ? எந்த ஊரு வழக்கம் இது? ஏட்டி, நீயும் பதில் சொல்லுதியா? மாப்பிள்ளையே நேர்ல வரணுமா? அவர் பேர்ல வேற யாரும் வர வேண்டாமா? வாயைத் திறந்துக்கிட்டே நிப்பியா? இவ சின்னப் பிள்ளை அண்ணாச்சி, தெரியாமப் பேசுதா, மனசுல வச்சுக்கிடாதிய.

வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாரியளா? நிசமாவா? மாப்பிள்ளையவா? அப்ப பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? பாத்தியளா, நான்தான் சொன்னேனே, குழி விழுந்தா லட்சணம்னு! உலகம்மா, கேட்டியா? உலகம்மா!

மறுபடியும் கேக்கல போலிருக்கு. கிளம்பிட்டியளா அண்ணாச்சி? காப்பியைக் குடிச்சிட்டிய, சந்தோசம். அட, மிட்டாய்ல ஒண்ணுகூடத் தொடலியே நீங்க!